ஏழாந்தண்ணி

ஏழாந்தண்ணி என்று அவருக்குப் பெயர் வைத்தவன் நான்தான். காரைக்குடியில் ஆராய்ச்சி மாணவனாக நான் கழித்த ஆறு வருடங்களில் உருப்படியாகச் செய்த காரியம் என்ன என்று யோசித்தால் அந்தப் பெயர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வைத்த மறுநாளே ஆய்வுக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது. கேண்டீனில் டீ ஆற்றுகிறவர்கூட "ஏழாந்தண்ணிக்குச் சீனி கம்மி" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். என் ஆய்வுக் கட்டுரை எதையும் அத்தனை பேர் அத்தனை வேகமாக எடுத்தாண்டதில்லை.

அரிசி களைகிறவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரியும். ஒரு தண்ணி, ரெண்டு தண்ணி, மூணு தண்ணி. களைந்து ஊற்றுகிற ஒவ்வொரு முறையும் ஒரு தண்ணி. எங்கள் கூடத்திலும் இதே கணக்குதான். அரிசிக்குப் பதில் இரும்பு, அவ்வளவே.

நாங்கள் செய்துகொண்டிருந்தவை இரும்பு ஆக்சைடுத் துகள்கள். துருவுக்கு நெருங்கிய சொந்தம். ஆயிரக்கணக்கில் அடுக்கினால்தான் ஒரு தலைமுடியின் கனம் வரும். இவற்றை ஊசி வழியாக ரத்தத்தில் செலுத்தினால் ஸ்கேன் படத்தில் ஈரல் துலக்கமாகத் தெரியும். ஆனால் வெறும் இரும்பாகச் செலுத்த முடியாது. ஒன்றோடொன்று கூடிக் கட்டியாகி, நுண்ணிய ரத்தக் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு துகளின் மேலும் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரை வகையால் ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு, துகளில் ஒட்டாமல் சும்மா மிதக்கிற மிச்சச் சர்க்கரையைக் கழுவித் தள்ள வேண்டும். குடுவைக்கு அடியில் காந்தத்தை வைத்தால் துகள்கள் மெல்ல மெல்லக் கீழே வந்து உட்காரும். மேல் தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுபடியும் காந்தம். இது ஒரு தண்ணி. முக்கால் மணி நேரம் பிடிக்கும். எங்கள் கூடத்தில் எல்லோரும் மூன்றோடு நிறுத்துவார்கள். நானும் மூன்றோடு நிறுத்துகிறவன்.

அவர் ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தபோது நான் மூன்றாம் ஆண்டு. காளையார்கோவிலுக்குத் தெற்கே, எங்கே போர் போட்டாலும் உப்புத்தண்ணீரே வருகிற ஒரு ஊர் அவருடையது. அவருடைய அப்பா, அவர் வாயில் அத்தா, தண்ணீர் லாரி ஓட்டினார். நல்ல தண்ணீர் கிடைக்கிற இடத்தில் பிடித்து வந்து, தெருத் தெருவாக நின்று குடங்களில் ஊற்றுகிற லாரி. நானோ காரைக்குடிக்காரன். எங்கே போனாலும் எங்கள் ஊர்த் தண்ணீர் இனிக்கும் என்று சொல்லிக்கொள்கிற ஆள், ஏதோ ஊற்றைத் தோண்டியதே நான்தான் என்பதுபோல.

புதிதாகச் சேர்கிறவர்கள் என்னை 'சார்' என்று கூப்பிட வேண்டும் என்று ஒரு விதி வைத்திருந்தேன். மற்ற ஜூனியர்கள் ஒரே வாரத்தில் 'அண்ணே'க்கு இறங்கிவிட்டார்கள். அவர் மட்டும் கடைசிவரை 'சார்' என்றே கூப்பிட்டார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் கருவி எங்கள் கூடத்தில் இல்லை.

முதல் வாரம். நான் குடுவையை மூடி வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இது எத்தனாவது தண்ணி சார்?"

"மூணு. போதும்."

"போதும்னு யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாக."

"துகளு சொல்லுச்சா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. நான் வடித்து வைத்திருந்த மூன்றாம் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, சர்க்கரை இருந்தால் நிறம் காட்டுகிற மருந்தை அதில் விட்டார். நல்ல ஆரஞ்சு நிறம் வந்தது. நாலாம் தண்ணியிலும் வந்தது, ஐந்திலும் வந்தது. ஆறில் வைக்கோல் நிறம். ஏழாவதில்தான் ஒன்றும் வராமல் நின்றது. ஏழு என்ற எண் அவருக்கு அப்படிக் கிடைத்ததுதான், ஜோசியம் எதுவும் இல்லை. ஆனால் அடுத்தவர் சொல்லி நான் திருந்துவதா? அன்று சாயங்காலமே அந்தப் பெயரை வைத்தேன்.

இன்னொரு நாள், எனக்கே கொஞ்சம் அதிகமென்று தோன்றுகிற ஒரு வேடிக்கையைச் செய்தேன். "ஏங்க, தொழுகைக்கு முன்னாடி ஒளுவுக்கே கை கால மூணு தடவதானே கழுவுறீக? இதுக்கு மட்டும் என்ன ஏழு?" என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் குனிந்துகொண்டார்கள். அவர் காந்தத்தைக் குடுவைக்கு அடியில் சரியாக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"அது என் கைக்கு சார். இது அடுத்தவுக ரத்தத்துக்கு."

அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வேடிக்கை செய்ய நான் போகவில்லை.

எதையும் முதல் பார்வையில் நம்ப மாட்டார், அதுதான் அவர். ஒருமுறை என் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். எல்லோரும் ஆகா என்றார்கள். அவரிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு "நாளைக்குச் சொல்றேன் சார்" என்றார். பாதியை டப்பாவில் எடுத்துப் போய், மறுநாள் காலை சூடு பண்ணிச் சாப்பிட்டுவிட்டு வந்து, "மசாலா மேல மட்டும்தான் இருக்கு, அரிசிக்குள்ள போகல" என்றார். பிறந்தநாள் பிரியாணிக்கு அறிக்கை வாங்கியவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

எனக்கென்று ஒரு பெருமைக்குரிய ஸ்லைடு உண்டு. எந்தக் கருத்தரங்கில் பேசினாலும் முதலில் ஒரு செட்டிநாட்டு வீட்டின் உள்சுவரைக் காட்டுவேன். சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துப் பூசி, முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் சுவர். "எங்கள் மண்ணின் பூச்சு மரபு இன்று நானோ உலகில் தொடர்கிறது" என்று சொல்லி, கைதட்டலுக்காக ஒரு நிமிடம் நிறுத்துவேன். வெளியூர்க்காரர்கள் தட்டுவார்கள். எங்கள் பக்கத்திலேயே நெற்குப்பையில் என் சித்தி வீட்டில் அந்தச் சுவரில் காலண்டர் மாட்ட ஆணி அடித்து நான் வாங்கிய திட்டை யாரிடமும் சொல்வதில்லை.

ஒத்திகையின்போது அவர் அந்த ஸ்லைடைப் பார்த்தார். "நல்லா மின்னுது சார். ஆனா சுவரு ஒரே எடத்துல நிக்கும். நம்ம துகளு ரத்தத்தோட ஓடணும்ல?" என்றார். ஸ்லைடை நான் எடுக்கவில்லை. கைதட்டல் கிடைக்கிற இடத்தை யாராவது எடுப்பார்களா?

அவரைப் பெண் பார்க்க வந்த கதையும் அவரே சொன்னதுதான். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், பிடித்துவிட்டது. இவர் தன் அம்மாவை உள்ளே கூப்பிட்டு, "சொல்லிட்டு வந்தா எல்லாரும் நல்லாத்தான் இருப்பாகம்மா. இன்னொரு நாளு சொல்லாம வரச் சொல்லுங்க" என்றாராம். அம்மா தலையில் அடித்துக்கொண்டாலும் எப்படியோ பக்குவமாகச் சொல்லியனுப்பினார். அவர்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் வந்தார்கள். அப்போது இவர் அத்தாவின் லாரித் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தார். மேலே தொட்டி வாய் வழியாக மாப்பிள்ளையின் அம்மா எட்டிப் பார்த்து, "அந்த மூலையில இன்னும் இருக்குத்தா" என்று கையைக் காட்டினாராம்.

"அப்பறம்?" என்று கேட்டேன்.

"அப்பறம் என்ன சார், சரின்னுட்டேன்."

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். இதுவரை சொன்னது அதைத் தள்ளிப்போடத்தான்.

ஐந்தாம் ஆண்டில் என் துகள்களை எலிகளுக்குச் செலுத்திப் பார்க்க வேண்டிய கட்டம் வந்தது. மதுரையில் ஒரு ஆய்வு நிலையத்தில் எலிகளைக் கவனிக்கிற கால்நடை மருத்துவர் அம்மா ஒருவர் எங்களுக்கு ஆறு எலிகளை ஒதுக்கியிருந்தார். வாலில் பேனாவால் கோடு போட்டு, ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்து, படம்கூட அனுப்பியிருந்தார். அந்தத் தேதியை விட்டால் அடுத்த முறை வர மாதக்கணக்காகும். எலிகள் நன்றாக இருந்தால் என் ஆய்வேடு முடியும், ஜெர்மனியில் கிட்டத்தட்ட உறுதியாகியிருந்த ஒரு இடமும் முழுதாக உறுதியாகும். நான் ஏற்கெனவே சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் ஜெர்மனி என்று சொல்லி முடித்திருந்தேன். சித்திரை வெயிலில் காரைக்குடிக் கடைத்தெருவில் அலைந்து ஒரு ஸ்வெட்டரும் வாங்கியிருந்தேன். கடைக்காரர் மாடியிலிருந்து தேடி எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

கூடத்தை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு பாட்டிலிலும் இரண்டு பேர் கையெழுத்து இருக்க வேண்டும் என்பது எங்கள் பேராசிரியரின் விதி. செய்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். பேராசிரியர் வழக்கம்போல எங்கோ நேர்முகத் தேர்வு நடத்தப் போயிருந்தார். நான் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏழாந்தண்ணியின் மேசைக்குப் போனேன். லேபிளில் 'நன்கு கழுவப்பட்டது' என்று ஆங்கிலத்தில் அழகாக எழுதியிருந்தேன்.

அவர் வாசித்தார். "நன்குங்கிறது எத்தனை சார்?"

"மூணு."

"அப்ப மூணுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடுறேன்."

"மூணுன்னு எழுதினா அங்குட்டு அந்தம்மா கேள்வி கேப்பாக."

"கேக்கட்டும். ஏன் மூணோட நிறுத்துனீக?"

நிறுத்தியதற்குக் காரணம் எனக்குத் தெரியும். நாலாவது தண்ணியில் என் துகள்கள் பால்போல லேசாகத் திரிய ஆரம்பித்தன. அதாவது என் பூச்சு ஒட்டவே இல்லை. சுற்றிலும் மிதந்த மிச்சச் சர்க்கரைதான் துகள்களைத் தாங்கிக்கொண்டிருந்தது. கழுவக் கழுவ அதுவும் போனது. மூன்றோடு நிறுத்தினால் கருவி அழகான படம் காட்டியது. அந்தப் படத்தை நான் நம்ப ஆசைப்பட்டேன், நம்பினேன்.

"நேரமில்ல. நாளைக்கு எலி ரெடியா இருக்கு" என்றேன்.

"எலி ரெடியாத்தான் இருக்கும். அதுக்கு என்ன தெரியும்?" என்றார். பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். நான் அடுத்த அறைக்குப் போய், போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நண்பனிடம் கையெழுத்து வாங்கினேன். அவன் லேபிளைப் பார்க்கவே இல்லை. அந்த ஓவரில் விக்கெட் விழுந்தது என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மதுரை பஸ்ஸில் போனேன். மாட்டுத்தாவணியில் இறங்கி, ஐஸ் உருகிவிட்டதா என்று பார்க்கப் பெட்டியைத் திறந்தால், என் பாட்டிலுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பாட்டில் இருந்தது. அதன் லேபிளில் அவர் கையெழுத்து. 'எங்க ஊர்த் தண்ணி' என்று எழுதி, கீழே பொடியாக, 'எலிக்குப் போடும் முன் இதில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும். ரத்தமும் உப்புத்தண்ணிதான்.'

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சொல்லிக்காட்டுவதற்கு ஐஸ் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டாரே என்று இருந்தது. சரி, விட்டே பார்க்கிறேன், வந்து நல்லா இருக்குன்னு முகத்துக்கு நேராகச் சொல்கிறேன் என்று, பஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்து, என் துகள்களில் ஒரு சொட்டை எடுத்து அந்தத் தண்ணீரில் விட்டேன். முதலில் தெளிந்த டீ நிறத்தில் அழகாகப் பரவியது. வெற்றி என்று நினைத்தேன். ஒரு நிமிடத்தில் அது கலங்கியது. பிறகு பொடிப் பொடியாகப் புள்ளிகள் தெரிந்தன. புள்ளிகள் ஒன்றையொன்று தேடிப்போய்ச் சேர்ந்துகொண்டு கீழே இறங்கத் தொடங்கின. மேலே தண்ணீர் நிறமே இல்லாமல் நின்றது. அடியில் காப்பி மண்டி.

பக்கத்தில் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா நெடுநேரமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டிகாஷன் கெட்டுப்போச்சு போலயே தம்பி" என்றார்.

"ஆமாம்மா" என்றேன்.

ஐந்து வருடத்து டிகாஷன். அப்போதும் நான் உடனே திரும்பிவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். இது போர்த் தண்ணி, ரத்தமா என்ன என்று எனக்கு நானே வாதாடினேன். ஆறு எலியில் நாலு எலியாவது பிழைக்காதா என்றுகூடக் கணக்குப் போட்டேன். அந்த மருத்துவர் அம்மா அனுப்பிய படத்தை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் எண் எலி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தது. அதன் நுரையீரலில் போய் இந்த மண்டி அடைப்பதை நினைத்துப் பார்த்தேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. மருத்துவர் அம்மாவுக்குப் போன் செய்து, "ஐஸ் உருகிருச்சு மேடம், சாம்பிள் கெட்டிருக்கும்" என்றேன். உண்மையைச் சொல்ல அங்கேயும் துணிச்சல் வரவில்லை, பழியை ஐஸ் மேல் போட்டேன். அடுத்த பஸ்ஸில் ஏறித் திரும்பினேன்.

மத்தியானம் நான் உள்ளே நுழைந்தபோது அவர் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. கையை நீட்டினார். நான் அந்தச் சின்னப் பாட்டிலைக் கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அடியில் இருந்த மண்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை.

"பாட்டிலக் கழுவிக் குடுத்திருக்கலாம்ல சார்" என்றார்.

பிறகு, "நாளைக்கு எட்டரைக்கு வாங்க. பூச்ச எப்படிப் பிடிக்க வைக்கிறதுன்னு பாப்போம்" என்றார்.

நான்கு மாதங்கள் பிடித்தன. துகளைச் சுற்றிய சர்க்கரைச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், பூச்சு ஒரு வலைபோல இறுகிக்கொள்ளும், கழன்று வராது. பிணைப்பதற்கு ஒரு ரசாயனம் உண்டு. அது எலிக்கும் ஆகாது, மனிதனுக்கும் ஆகாது, மிச்சமில்லாமல் கழுவியாக வேண்டும். அதற்கும் அவர் சோதித்துச் சோதித்துப் பார்த்ததில் ஏழாம் தண்ணியில்தான் சுத்தமானது. தன் வேலையை ஓரமாக வைத்துவிட்டு என்னோடு நின்றார். நான் மூன்றாவது தண்ணியில் கொட்டாவி விடுவேன். அவர் ஏழாவதுக்குப் புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார். கடைசியில் அவர் ஊர்த் தண்ணியில் ஒரு வாரம் வைத்தும் என் துகள்கள் தெளிந்த டீயாகவே நின்றன. எலிகள் ஆறும் பிழைத்தன, ஈரலும் படத்தில் துலக்கமாகத் தெரிந்தது. ஜெர்மனிக்காரர்கள் அதற்குள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். ஸ்வெட்டரை ஒருமுறை கொடைக்கானலில் போட்டேன். அன்று பார்த்து அங்கே நல்ல வெயில்.

கட்டுரை எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதும்போதும் என் கை 'ஏழு தண்ணிகளில் கழுவப்பட்டது' என்று அப்படியே எழுதிவிட்டிருக்கிறது. அவரைக் கேலி செய்து செய்து என் மண்டைக்குள் ஊறிப்போன சொல் அது. மதிப்பீட்டாளர் ஒருவர் அக்கறையாகக் கேட்டிருந்தார்: 'ஆசிரியர்கள் பயன்படுத்திய ஏழு வகைத் தண்ணீர்கள் எவை எவை என்று குறிப்பிட வேண்டும்.' கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. கங்கை, காவிரி, வைகை என்று நான் எழுதிக்காட்டி இன்னும் சிரிக்க வைத்தேன். பிறகு வம்பே வேண்டாம் என்று அந்த வரியை அடித்துவிட்டு, 'நன்கு கழுவப்பட்டது' என்று மாற்றி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். ஆசிரியர் வரிசையில் என் பெயரும் பேராசிரியர் பெயரும் மதுரை அம்மா பெயரும் இருந்தன. அவர் பெயர் நன்றியுரையில், நுண்ணோக்கியை இயக்கியவருக்கு அடுத்து இருந்தது. அது தவறென்று அப்போதே எனக்குத் தெரியும். பேராசிரியர் அப்படிப் போடச் சொன்னார், நான் வாயைத் திறக்கவில்லை.

அச்சான கட்டுரையை நான்தான் அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெயர் இல்லாததைக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்று வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவர் நேராகச் செய்முறைப் பக்கத்துக்குப் போய் விரலை வைத்து வாசித்தார்.

"எத்தனை தண்ணின்னு இல்லையே சார்."

"நன்குன்னு போட்டிருக்கேன்ல."

"இதப் பாத்துச் செய்றவுக மூணோட நிறுத்திருவாகளே" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

எனக்கு முனைவர் பட்டம் வந்தது. அவருக்கு வரவில்லை. அவருடையது வேறொரு பூச்சு, மணலின் குணமுள்ள சிலிகாப் பூச்சு. அவருடைய சோதனையில் ஒன்பதாவது தண்ணியிலும் ஏதோ கொஞ்சம் கழன்றுவந்துகொண்டிருந்தது. பேராசிரியர், இவ்வளவு போதும் எழுது என்றார். "இன்னும் வந்துக்கிட்டு இருக்கு சார்" என்றே இவர் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்காக நின்ற அந்த நான்கு மாதங்கள் கையில் இருந்திருந்தால் ஒருவேளை முடித்திருப்பார். நிச்சயமாகத் தெரியாது. ஆனால் அந்த ஒருவேளை என்னை விடுவதில்லை. கடைசியில் ராமநாதபுரம் பக்கம் அரசாங்கத்தின் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்துப் போனார். வழியனுப்பு விழாவில் நான்தான் பேசினேன். ஏழாந்தண்ணிக் கதைகளாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். அவரும் சிரித்தார். உங்களால்தான் நான் தப்பித்தேன் என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். கைதட்டல் வந்துவிட்டதால் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மாணவர்கள் எல்லோரும் சொல்லாமலே சார் என்கிறார்கள், அதில் ஒரு சுகமும் இல்லை. சென்ற மாதம் வடக்கே ஒரு ஊரிலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். என் கட்டுரையைப் பார்த்து அப்படியே துகள் செய்தாராம். மூன்று முறை கழுவினாராம். எலிகளில் இரண்டு இறந்துவிட்டன. பிணைக்கிற ரசாயனம் மிச்சம் இருந்திருக்கும் என்று சந்தேகப்படுகிறார். மிகப் பணிவாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: 'ஐயா, நன்கு என்பது எத்தனை?'

அந்த வரியை இரண்டு முறை வாசித்தேன். பிறகு ஏழாந்தண்ணியின் போன் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பல வருடங்கள் கழித்துப் பேசுகிறேன். பின்னால் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சொல்லுங்க சார்" என்றார், நேற்றுத்தான் பேசி வைத்ததுபோல.

எல்லாவற்றையும் சொன்னேன். மின்னஞ்சலைச் சொன்னேன், இறந்த எலிகளைச் சொன்னேன். மாட்டுத்தாவணி பெஞ்சில் நான் போட்ட கணக்கையும் முதன்முறையாகச் சொன்னேன். எதிர்முனையில் குழாயை மூடினார்.

"ரெண்டு எலியா சார்?"

"ஆமா."

கையில் இருந்த குடுவையை அவர் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"பத்திரிகைக்குத் திருத்தம் எழுதுறேன். உங்க பேரையும் ஆசிரியர் வரிசையில சேக்கச் சொல்லிக் கேக்குறேன். அன்னைக்கே செஞ்சிருக்கணும்" என்றேன்.

"பேரு கெடக்கு சார். விட்டாலும் ஒண்ணும் ஆகாது. நம்பர விட்றாதீக."

"விட மாட்டேன்."

"மொதல்ல அந்தப் புள்ளைக்கு எழுதுங்க. இன்னைக்கே எழுதுங்க. இன்னும் எலி மிச்சமிருக்கும்ல?"

அன்றே எழுதினேன். திருத்தமும் அனுப்பியிருக்கிறேன். அதில் அவர் பெயரும் இருக்கிறது, எண்ணும் இருக்கிறது. நீங்கள் வாசிக்கிற இந்தக் கட்டுரையில் மட்டும் பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அதனால் இங்கே எண்ணை மட்டும் எழுதுகிறேன்.

ஏழு.